பாஸாகும் பாஸ்!

‘மச்சி, போட்டோ பாரு!’

ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப். அனுப்பியவன் என் காலேஜ் ரூம்மேட். ஹாஸ்டலில் பக்கெட் தண்ணியில் கை விடவே சோம்பல்படுகிற ஜீவன், இப்போது அமெரிக்காவில், மினியாபொலிஸில், சாஃப்ட்வேர் வேலை. போட்டோவில் லைஃப் ஜாக்கெட்டோடு ஒரு ஒல்லிப் படகில் உட்கார்ந்திருக்கிறான். கையில் ஒரு மீன். வெண்கலக் கலர், உடம்பில் செங்குத்தாகப் பட்டை பட்டையாகக் கோடுகள், ராத்திரி முழுக்கத் தூங்காத மாதிரி சிவந்த கண். மீனைவிட இவன் வாய்தான் பெரிசாகத் திறந்திருந்தது.

போன் போட்டேன்.

“என்னடா மீன் இது?”

“ஸ்மால்மவுத் பாஸ் மச்சி! என்னா ஃபைட்டு தெரியுமா? தண்ணிக்கு மேல மூணு வாட்டி எகிறிச்சு. கை வலி இன்னும் போகலை.”

“குழம்பு வெச்சியா?”

“சேச்சே... பாவம்டா. முத்தம் கொடுத்து திருப்பி விட்டுட்டேன்.”

அந்த ‘பாவம்’தான் இந்த வார மேட்டர்.

*

இவன் போன இடத்துக்குப் பேர் ‘பவுண்டரி வாட்டர்ஸ்’. மினசோட்டா மாநிலத்தின் வடக்கு ஓரம், அந்தப் பக்கம் கனடா. சுமார் 4,400 சதுர கிலோமீட்டர் காடு. அதுக்குள்ளே ஆயிரத்துக்கும் மேல் ஏரிகள். எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். அங்கே கனடாவின் குவெடிகோ பூங்கா, 4,760 சதுர கிலோமீட்டர். பனி யுகம் முடிந்து பனிப்பாறைகள் பின்வாங்கியபோது பாறையில் தோண்டி வைத்துவிட்டுப் போன பள்ளங்கள்தான் இந்த ஏரிகள். ரோடு கிடையாது. ஒரு ஏரியில் துடுப்புப் போட்டுப் போவீர்கள். ஏரி முடியும். படகைத் தலைக்கு மேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நடப்பீர்கள். அடுத்த ஏரி வரும். இறக்கி, மறுபடி துடுப்பு. இப்படி வாரக்கணக்கில் போகலாம். அதற்கென்றே செய்த லேசான படகுதான் கனூ. அந்த வழிகளைப் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தியவர்கள் ஓஜிப்வே பழங்குடி மக்கள். நம்ம ஆள் போனது வாடகைக் கனூவில், வாடகை டென்ட்டோடு.

இந்தக் காட்டுக்கு உள்ள ரூல்ஸைக் கேட்டால் நம்ம லேடீஸ் ஹாஸ்டல் வார்டனே சலாம் போடுவார். உள்ளே போக பர்மிட். ஒரு குழுவில் 9 பேருக்கு மேல் கூடாது, 4 படகுக்கு மேல் கூடாது. பெரும்பாலான ஏரிகளில் மோட்டாருக்குத் தடை. சாப்பாட்டு டின், கண்ணாடி பாட்டில் கொண்டுபோகக் கூடாது. வானத்தைக்கூட விடவில்லை. 1949-ல் அதிபர் ட்ரூமன், 4,000 அடிக்குக் கீழே விமானம் பறக்கக் கூடாது என்றே ஆணை போட்டார். 1964-ல் ஒரு சட்டம், 1978-ல் அதைவிடக் கடுமையாக இன்னொன்று.

அந்தக் காட்டுக்குள் கடைசியாகக் குடியிருந்தவர் டோரதி மோல்ட்டர் என்கிற ஒரு நர்ஸம்மா. நைஃப் ஏரியின் தீவுகளில் தனியாக இருந்துகொண்டு, படகில் வருகிறவர்களுக்கு வீட்டிலேயே தயாரித்த ‘ரூட் பீர்’ கொடுப்பார் (பேர்தான் பீர், சத்தியமாகப் போதை கிடையாது!). மற்றவர்களை வெளியேற்றிய அரசாங்கம் அவரை இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டது. 1986-ல் அவர் காலமானார். அவருடைய மரவீட்டைப் பிரித்து, ஈலி என்கிற ஊருக்குக் கொண்டுவந்து மியூசியம் ஆக்கிவிட்டார்கள்.

மனுஷனையும் மோட்டாரையும் ஏரோப்ளேனையும் சட்டம் போட்டு நிறுத்தியாச்சு. ஆனால் தண்ணிக்குள்ளே ஒருத்தர் பர்மிட் வாங்காமல் ஏரி ஏரியாகப் போய்க்கொண்டே இருக்கிறார். அவர்தான் நம்ம போட்டோ ஹீரோ.

*

முதலில் ஒரு சந்தேக நிவர்த்தி. வாய் அப்படியொன்றும் சின்னது இல்லை. இதன் சொந்தக்காரன் ‘லார்ஜ்மவுத் பாஸ்’ என்று ஒருத்தன் இருக்கிறான். அவன் வாய் கண்ணையும் தாண்டிப் போகும். இவன் வாய் கண்ணோடு நின்றுவிடும். அந்த வித்தியாசத்துக்காக வைத்த பேர். அந்த ‘சின்ன’ வாயில் நண்டு, நத்தை, குட்டி மீன், தவளை எல்லாமே போகும்.

இதன் தாய்வீடு வட அமெரிக்காதான். பெரும் ஏரிகள், செயின்ட் லாரன்ஸ் ஆறு, மிசிசிப்பி படுகை. ஆனால் பவுண்டரி வாட்டர்ஸ் ஏரிகளில் பெரும்பாலானவற்றின் தண்ணி வடக்கே ஹட்சன் வளைகுடாவுக்குப் போகிறது. நடுவில் ஒரு மேட்டு நிலம். மேட்டுக்கு இந்தப் பக்கம் விழுகிற மழை தெற்கே போகும், அந்தப் பக்கம் விழுவது வடக்கே போகும். அந்த மேட்டை பாஸ் தானாகத் தாண்டியதில்லை. பனி யுகத்துக்கு அப்புறம் எத்தனையோ ஆயிரம் வருஷம் தாண்டாத மீன், எப்படிப் போச்சு?

நாம்தான் தூக்கிக்கொண்டு போய் விட்டோம். கெட்ட எண்ணத்தில் இல்லை. தூண்டில் போட வருகிறவர்கள் சந்தோஷமாக இருக்கட்டும் என்று! கனடாவின் ஒன்டாரியோவில் அல்கான்குயின் பூங்கா 1893-ல் வந்தது. சில வருஷத்தில் ரயில் வந்தது, ரயிலோடு டூரிஸ்ட் வந்தார்கள், டூரிஸ்ட்டுக்காக பாஸ் வந்தது. 1900-ஐ ஒட்டிய வருஷங்களில் அங்கே ஏரிகளில் அதை விட்டார்கள். மினசோட்டாவின் வடக்கிலும் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் இதே வேலை. அப்போது அது சேவை. ஏரியில் மீன் விடுவது என்றால் மரம் நடுகிற மாதிரி. அப்புறம் தண்ணி இணைப்பு இருக்கிற இடமெல்லாம் பாஸ் தானாகவே நீந்திப் போச்சு. அருவி குறுக்கே நின்ற இடத்தில்? யாராவது ஒரு ஆர்வக்கோளாறு பக்கெட்டில் மொண்டுகொண்டு போய் அடுத்த ஏரியில் விட்டிருப்பார். இன்றைக்கு மினசோட்டாவில் பர்மிட் இல்லாமல் அப்படிச் செய்வது குற்றம். ஆனால் ஆயிரம் ஏரிக்கு ஆயிரம் வாட்ச்மேனா போட முடியும்?

சரி, நூறு வருஷத்துக்கு முன்னாடி விட்ட மீனுக்கு இப்போ என்ன டென்ஷன்?

இங்கேதான் எக்ஸாம் வருகிறது.

*

பாஸ் குடும்பத்தில் அப்பாதான் எல்லாம். மே கடைசி, ஜூன் வாக்கில் தண்ணி சுமார் 15 டிகிரி செல்சியஸ் சூடானதும், ஆண் மீன் கரையோரக் கூழாங்கல்லில் வாலால் விசிறி விசிறித் தட்டு மாதிரி ஒரு பள்ளம் செய்யும். அம்மா வந்து முட்டை போடும். ‘பை’ சொல்லிவிட்டுப் போய்விடும். அதுக்கப்புறம் சிங்கிள் பேரன்ட்தான். முட்டைக்கு விசிறிவிடுவது, கிட்டே வருகிறவனைத் துரத்துவது, குஞ்சுகள் பொரித்து வெளியே வந்தபிறகும் வாரக்கணக்கில் கூடவே காவல். அந்த நேரத்தில் தூண்டிலில் அப்பாவைப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால், அந்தக் கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் சுற்றும் மீன்கள் முட்டையைக் காலி பண்ணிவிடும். வில்லன் என்று திட்ட மனசு வராத அளவுக்கு நல்ல அப்பா.

குஞ்சுகளுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரே செமஸ்டர். அதுக்குள்ளே தின்று தின்று வளர வேண்டும். ஏனென்றால் அடுத்து வருவது குளிர்காலம். தண்ணி 10 டிகிரிக்குக் கீழே போனால் பாஸுக்குச் சாப்பாடே இறங்காது. ஏறக்குறைய பட்டினிதான். உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்புதான் ஏடிஎம். இதில் சின்ன உடம்புக்கு ஒரு சாபம் உண்டு. இருப்பும் கம்மி, செலவும் வேகம். பெரிய உடம்பு நிதானமாகச் செலவு பண்ணும். வசந்தம் வரை தாக்குப்பிடிக்கும். ஆக, முதல் கோடைக்குள் அஞ்சாறு சென்டிமீட்டர் வளர்ந்தவன் பாஸ், வளராதவன் ஃபெயில். அரியர் கிடையாது.

இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் பிரையன் ஷூட்டர் என்கிற கனடா ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும். 1980-ல் வந்த பேப்பர். கோடை எவ்வளவு நீளம், குளிர்காலம் எவ்வளவு நீளம், இந்த ரெண்டும் தெரிந்தால் ஓர் ஏரியில் பாஸ் பிழைக்குமா பிழைக்காதா என்று சொல்லிவிடலாம். வடக்கே போகப் போகக் கட்-ஆஃப் கடினம். ஒரு எல்லைக்கு மேல் எல்லாக் குஞ்சும் ஃபெயில். யாராவது பக்கெட்டில் கொண்டுபோய் விட்டாலும் காலப்போக்கில் அந்தக் கூட்டம் தானாகவே காலி. சட்டத்துக்கு முந்தியிருந்தே வடக்கு ஏரிகளுக்குக் காவல் நின்ற வாட்ச்மேன் குளிர்காலம்தான்.

அந்த வாட்ச்மேன் இப்போ லேட்டாக வருகிறார், சீக்கிரம் கிளம்பிவிடுகிறார். கடந்த ஐம்பது வருஷத்தில் மினசோட்டா ஏரிகளில் ஐஸ் இருக்கும் நாட்கள் சராசரியாகப் பத்து முதல் பதினாலு நாள் குறைந்திருக்கிறது. 2023-24 குளிர்காலம் அந்த மாநிலத்தில் பதிவானதிலேயே வெப்பமானது. செமஸ்டர் நீளமாகிவிட்டது, எக்ஸாம் சுருங்கிவிட்டது. முன்னே ஃபெயிலான குஞ்செல்லாம் இப்போ பாஸ் பண்ணுகிறது. பாஸ்... பாஸாகிறது!

(இந்த ஜோக்குக்காக மூணு நாள் காத்திருந்தேன். மன்னிச்சிடுங்க.)

*

பாஸ் பாஸானால் ஃபெயில் ஆவது யார்?

இந்த ஏரிகளின் பழைய முதலாளி ‘லேக் ட்ரவுட்’. பனி யுகம் விட்டுவிட்டுப் போன மீன். குளிர்ந்த தண்ணி, நிறைய ஆக்சிஜன், இந்த ரெண்டும் வேண்டும். எதிலும் அவசரமே கிடையாது. முட்டை போடும் வயசுக்கு வரவே ஆறேழு வருஷத்துக்கு மேல் ஆகும். இருபது வருஷம் தாண்டியும் வாழும். பாஸ் மாதிரி பிள்ளை வளர்ப்பெல்லாம் தெரியாது. இலையுதிர் காலத்தில் பாறை இடுக்கில் முட்டையைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

பாஸ் ட்ரவுட்டைத் தின்பதில்லை. அடிதடியும் இல்லை. பாஸ் இருப்பது சூடான கரையோரம், ட்ரவுட் கோடை முழுக்க இருப்பது ஆழத்துக் குளிரில். ரெண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வதே அபூர்வம். அப்புறம் என்ன பிரச்னை என்கிறீர்களா? மெஸ்!

கரையோரப் பாறைகளிலும் விழுந்த மரங்களின் அடியிலும் விரல் நீளக் குட்டி மீன்கள் இருக்கும். நம்ம கெண்டைக்குத் தூரத்துச் சொந்தம். சின்ன ஏரிகளில் ட்ரவுட்டுக்கு அதுதான் சோறு. வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் கரையோரத் தண்ணி ஜில்லென்று இருக்கும்போது மேலே வந்து ஒரு கட்டு கட்டிவிட்டுப் போகும். பாஸ் வந்த ஏரியில் அந்தக் குட்டி மீன்கள் முதலில் காணாமல் போகின்றன. அவை பாஸ் மாதிரி எதிரியைப் பார்த்தே வளராதவை. ஒளியக்கூடத் தெரியாது.

அப்போது ட்ரவுட் என்ன சாப்பிடும்? 1999-ல் ‘நேச்சர்’ இதழில் ஜேக் வாண்டர் ஸான்டன் குழு இதைக் கண்டுபிடித்த விதம் எனக்குப் பிடிக்கும். மீனின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் இன்றைய டிபன்தான் தெரியும். சதையைச் சோதித்தால் பல மாதச் சாப்பாட்டுக் கணக்கே தெரியும். கரையோர உணவுக்கும் நடு ஏரி உணவுக்கும் கார்பனில் வித்தியாசம் உண்டு. மீன் தின்றதா, பூச்சி தின்றதா என்பது நைட்ரஜனில் தெரியும். பொய்யே சொல்ல முடியாத மெஸ் பில்! பாஸ் வராத ஒன்டாரியோ ஏரிகளில் ட்ரவுட்டின் பில்லில் பெரும்பங்கு கரையோர மீன். பாஸ் வந்த ஏரிகளில் அது மிதக்கும் நுண்ணுயிர்களுக்கு மாறியிருந்தது. ஒரு அடிக்கு மேல் நீளமான வேட்டை மீன், கடுகு சைஸ் பூச்சிகளை வடிகட்டி வயிறு கழுவுகிறது. செத்துப்போவதில்லை. வளர்வதில்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். எல்லா ஏரியிலும் இந்தக் கதை கிடையாது. சில பெரிய ஆழமான ஏரிகளில் நடுத்தண்ணியிலேயே ‘சிஸ்கோ’ என்று ஒரு மீன் கூட்டம் கூட்டமாக இருக்கும். அது இருந்தால் ட்ரவுட்டுக்குக் கரைச் சோறு அவ்வளவு முக்கியமில்லை. அங்கே பாஸும் ட்ரவுட்டும் சேர்ந்தே குடித்தனம் நடத்தலாம். மாட்டிக்கொள்வது சிஸ்கோ இல்லாத சின்ன ஏரிகள். நாலு போர்ட்டேஜ் தாண்டி, தோள்பட்டை கழன்று போய்ச் சேர்கிற ஏரிகள்.

இன்னொரு இடி. ஒன்டாரியோவின் வடமேற்கில் ஆராய்ச்சிக்கென்றே 1968-ல் ஒதுக்கிய ஏரிகள் இருக்கின்றன. அதில் ஒன்றில் 11 வருஷம் ட்ரவுட்டுகளைப் பின்தொடர்ந்து பார்த்ததை 2017-ல் வெளியிட்டார்கள். வசந்தம் நீளமாக, குளிராக இருந்த வருஷத்தில் ட்ரவுட் கரையில் நிறைய நேரம் மேய்ந்தது, நன்றாக வளர்ந்தது. கோடை சீக்கிரம் வந்த வருஷத்தில் கரைத் தண்ணி சூடாகி, அது சீக்கிரமே கீழே இறங்கிவிட்டது. அதாவது, பாஸால் மெஸ்ஸில் சோறு குறைந்தது, வெயிலால் மெஸ் டைமும் குறைந்தது.

இன்னும் எவ்வளவு தூரம் போகும்? டொனால்ட் ஜாக்சன், நிக்கோலஸ் மாண்ட்ராக் இருவரும் 2002-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். வெப்பத்தோடு பாஸ் வடக்கே போனால், 2100-க்குள் ஒன்டாரியோவில் மட்டும் நாலு வகைக் குட்டி மீன்களில் 25,000-க்கும் மேற்பட்ட கூட்டங்கள் அழியலாம். ஓர் ஏரியில் ஓர் இனம் என்றால் ஒரு கூட்டம் என்று கணக்கு. ஒருத்தரும் போட்டோ எடுத்துக்கொள்ளாத, பேர்கூடத் தெரியாத மீன்கள்.

*

“பிடிச்சு வெளியே போட வேண்டியதுதானே?” என்று கடைசி பெஞ்சில் ஒரு குரல் கேட்கிறது.

போட்டுப் பார்த்தார்கள் சார். நியூயார்க் மாநிலத்தில் அடிரோண்டாக் மலையில் லிட்டில் மூஸ் என்று ஓர் ஏரி. கார்னெல் பல்கலைக்கழகக்காரர்கள் 2000-ல் ஆரம்பித்து, படகிலிருந்து தண்ணியில் மின்சாரம் பாய்ச்சி, மயங்கி மிதக்கிற பாஸை அள்ளினார்கள். பல ஆயிரம். சீக்கிரமே பலன் தெரிந்தது. கரையோரக் குட்டி மீன்கள் பெருகின, ட்ரவுட் மறுபடி மீன் சாப்பிட ஆரம்பித்தது. ஆஹா என்று கைதட்டும்போதே ட்விஸ்ட். பெரிய பாஸ்கள் போனதால் இடமும் சோறும் தாராளமாகி, குட்டி பாஸ்கள் முன்னைவிட அதிகமாகப் பிழைத்தன. நிறுத்தினால் பழைய கதை. ஆக, வருஷா வருஷம் அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே ஓர் ஏரிக்கு இந்தப் பாடு.

விஷம் வைக்கலாமா? கனடாவின் கிழக்கே நியூ பிரன்ஸ்விக்கில், மிராமிச்சி ஏரியில் 2008-ல் பாஸைப் பார்த்தார்கள். அது சால்மன் மீனுக்குப் பேர்போன ஆற்றுப் படுகை. வருஷக்கணக்காக வலை போட்டார்கள், வாக்குவாதம் செய்தார்கள். 2022-ல் ஆற்றின் ஒரு பகுதியில் ரோடினோன் என்கிற மீன்கொல்லி மருந்தைக் கலந்தார்கள். ஏரியில் கலக்க விடவில்லை. கரையில் வீடு உள்ளவர்களும் பழங்குடி மக்களில் ஒரு பகுதியினரும் எதிர்த்து நின்றார்கள். ஏரித் திட்டம் கைவிடப்பட்டது. யார் சரி? எனக்கு ரெண்டு பக்கமும் புரிகிறது. மருந்துக்கு பாஸ், நல்ல மீன் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

இன்னும் வராத ஏரிகளுக்கு வராமல் பார்த்துக்கொள்வதுதான் மிச்சம் இருக்கிற வழி. குவெடிகோவில் உயிருள்ள இரையே கூடாது, கொக்கியில் எதிர்முள்ளும் கூடாது. அல்கான்குயினில் உயிருள்ள இரைமீன் கொண்டுபோகத் தடை. இரை வாளியில் ஒளிந்துகொண்டு எது எந்த ஏரிக்குப் போகிறது என்று யாருக்குத் தெரியும்?

இதில் என்னைக் குடைகிற விஷயம் வேறு. கனூ எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு பாஸ் என்றால் உயிர். கரையிலேயே கிடைக்கும், புதுசாகத் தூண்டில் பிடிப்பவனுக்கும் மாட்டும், எகிறி எகிறிச் சண்டை போடும். ஏரி நன்றாக இருக்கிறது என்பதற்கு அவர்கள் காட்டும் சாட்சியே அந்த மீன்தான். தண்ணி பளிங்கு மாதிரி இருக்கிறது, பைன் மரங்கள் இருக்கின்றன, ராத்திரி லூன் பறவை கத்துகிறது, காலையில் மீன் மாட்டுகிறது. என்ன குறை? போட்டோவில் ஒரு குறையும் தெரியாது.

இதெல்லாம் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ரூம்மேட்டுக்கு மறுபடி போன் போட்டேன். முழுக் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“அப்ப நான் விட்டது தப்பாடா?”

“சட்டப்படி தப்பு இல்லை. அளவுக்குள்ள பிடிச்சு சாப்பிடவும் சட்டம் இடம் கொடுக்குது. அடுத்த வாட்டி மிளகாத்தூள் எடுத்துட்டுப் போ.”

“ஒரு மீனைத் தின்னா ஏரி சரியாயிடுமா?”

“ஆகாது.”

“ட்ரவுட் மாட்டுச்சுன்னா?”

“அதை வேணா முத்தம் கொடுத்து விட்டுடு.”

“அஞ்சு நாள் இருந்தோம் மச்சி. பதினாலு பாஸ். ஒரு ட்ரவுட் கூட மாட்டலை.”

“நீ போனது ஆகஸ்ட்டுடா. அது அம்பது அறுபது அடி ஆழத்துல இருக்கும். கரையில நின்னு தூண்டில் போட்டா எப்படி மாட்டும்?”

“அப்ப இருக்கு?”

“இருக்கு.”

“அவ்வளவு ஆழத்துல என்னத்தடா சாப்பிடும்?”

சொன்னேன். “கடுகு சைஸா?” என்று ரெண்டு தடவை கேட்டான்.